உப்புக்காற்று ஊரில் நீராவி எஞ்சின் மாதிரிக்கு மறுபெயிண்ட்

1:22.5 என்ற அளவில் மீட்டர்கேஜின் 1000 மில்லிமீட்டர் 44.4 ஆகச் சுருங்கிவிடுவதால், 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் பெரிய மாதிரிகள் நம் பக்கத்து ரயிலுக்கு இயல்பாகவே பொருந்திவிடுகின்றன. 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம் – புதுச்சேரிப் பாதை 2004-இல் அகலப்பாதையாக மாற்றப்படும்வரை மீட்டர்கேஜாகவே இருந்தது. விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த என் தாய்மாமன், பித்தளைத் தகட்டை வெட்டிப் பற்றவைத்துச் செய்த ஒய்.பி. (மீட்டர்கேஜ் பயணிகள் ரயில்களை இழுத்த நீராவி எஞ்சின் வகை) எஞ்சின் ஒன்று என்னிடம் இருக்கிறது. டெண்டரோடு (பின்னால் இணையும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) சேர்த்து ஏறக்குறைய 85 செ.மீ. நீளமுள்ள அது, உண்மையாகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஓடுவது. அதன் பெயிண்டை நான் இரண்டு முறை உரித்திருக்கிறேன்; இரண்டாவது முறை உரிக்க நேர்ந்ததற்கு முதல் முறை செய்த தவறுகளே காரணம்.

பிரிப்பதற்கு முன்பே எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வளைந்து செல்லும் இடங்களை. கழற்றும் திருகுகளைப் போட்டுவைக்க என் அனுபவத்தில் பல்லாங்குழியை மிஞ்சியது எதுவும் இல்லை: 14 குழிகளில் குழிக்கு ஒரு பாகம் என்று பிரித்துவிட்டால் எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்ற குழப்பமே எழாது. பாய்லரில் அழுத்தம் தாங்கும் இணைப்புகளை வெறும் பெயிண்டுக்காகக் கழற்ற வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால், மறுபடி நீராவி ஏற்றுவதற்கு முன் நீரழுத்தச் சோதனை செய்துவிட வேண்டும். பழைய மாதிரிகளில் பாய்லருக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே வெளிறிய நார்போல ஏதேனும் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைக் கிளறாமல், நனைத்து மூடிவைத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுவதே சரி.

உரிப்பதற்கு முன் எது எந்த உலோகம் என்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஈயப்பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். வார்ப்பு ஈயக்கலவைப் பாகங்களை ஒட்டப் பயன்படும் பற்று ஒன்று 70 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே சூடான காற்று ஊதும் கருவியால் பெயிண்டைக் கிளப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். காஸ்டிக் சோடா பித்தளையைப் பெரிதாகத் தொடாது என்றாலும் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துவிடும், ஈயப்பற்றையும் மெல்ல மெல்லத் தின்னும். கடையில் கிடைக்கும் கூழ்வடிவப் பெயிண்ட் ரிமூவரே நான் பயன்படுத்துவது. டைகுளோரோமீத்தேன் கலந்த வகை வேகமாக வேலை செய்யும். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய அறையில் தரையோடு தேங்கி நிற்கும், மருத்துவமனைக் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மொட்டைமாடியில், கண்ணாடி அணிந்து, தடித்த கையுறையோடு, காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் இந்த வேலை. பிளாஸ்டிக் பாகம் ஒன்றுகூட அருகில் இருக்கக் கூடாது. நீராவித் துளைகளையும் சேஃப்டி வால்வின் வாயையும் முதலிலேயே அடைத்துவிட வேண்டும்.

கூழைத் தடித்துப் பூசி, உலர்ந்துவிடாதபடி பாலித்தீன் தாளால் பதினைந்து நிமிடம் மூடிவைத்தால் பெயிண்ட் சுருங்கி எழும். தட்டையான இடங்களை மூங்கில் சீவலால் வழித்துவிடலாம். டெண்டரின் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் கடுகளவு ரிவெட் தலைகளுக்கு இடையே சிக்கியிருப்பதை எடுக்க, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவிக்கொள்ளுங்கள். பித்தளையைக் கீறாது, மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். கத்தியும் இரும்புக் கம்பியும் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முந்தைய பூச்சு எதையும் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காமல், தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும்.

இனி வருவதுதான் நம் ஊருக்கென்றே உள்ள வேலை. பெயிண்ட் போனதும் பித்தளை பளபளக்கும். அந்தப் பளபளப்பை நம்பிவிடக் கூடாது. மூலைகளில் களிம்பு இருக்கும், நீராவி எண்ணெய் ஊறியிருக்கும், கடல்காற்று கொண்டுவந்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். எண்ணெயைத் தின்னரால் இரண்டு முறை துடைத்தெடுத்த பின், வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலவே புளிக்கரைசலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்க்கலாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பை எடுத்துவிடும். நார் தங்கும் என்பதால் நான் கரைசலைத் துணியில் வடிகட்டிக்கொள்கிறேன். அடுத்து வெந்நீர், சோப்பு, மறுபடி வெந்நீர். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஆகாது; அதிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு லிட்டர் வாங்கினால் போதும். இதற்குப் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. முதல் முறை நான் தொட்டேன். இரண்டு கோடை கழிந்ததும் கேபின் இடப்பக்கத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. கொப்புளத்தின் வடிவம், கோடுகள் உட்பட, என் கட்டைவிரலேதான்.

கழுவிய அன்றே எட்ச் பிரைமர் அடித்துவிட வேண்டும். பித்தளை வழவழப்பானது, சாதாரண பிரைமர் அதில் பிடிக்காமல் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். எட்ச் பிரைமரில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடிமானம் கொடுக்கிறது. கார் பெயிண்ட் கடைகளில் இரண்டு டப்பாவாக வரும் வகையை அன்றைய தேவைக்கு மட்டும் கலந்து, அடியில் பித்தளை நிறம் இலேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிதாக அடித்தால் போதுமானது. அதன்மேல் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு கோட் அடித்து, உலர்ந்ததும் 800-ஆம் எண் வாட்டர் பேப்பரால் மென்மையாகத் தேய்க்க வேண்டும். பட்டி பூசி மேடுபள்ளத்தை நிரப்பும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், ரிவெட்டுகள் புதைந்துவிடும்.

எந்தப் பெயிண்ட் என்ற கேள்விக்கு என் விடை சிந்தெடிக் எனாமல். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் விரைவில் உலரும் என்பது உண்மைதான். ஆனால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பின்மேல் சாம்பல் பூத்துவிடும். ஒரு கார்த்திகை மாலையில் எனக்கு அதுவும் நடந்தது. மேலும், 3 பார் அழுத்தத்தில் பாய்லர் ஏறத்தாழ 144 டிகிரி சூட்டில் இருக்கும், லாக்கர் அங்கே நெடுநாள் நிற்காது. இரண்டு டப்பாவாக வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் உறுதியானதே, ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால், வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்மோக் பாக்ஸுக்கு (பாய்லரின் முன்முனையில் புகை சேரும் பகுதி) சூடு தாங்கும் மங்கல் கறுப்பு தனியாக வேண்டும். எனாமல் உலர்ந்த இடத்தின்மேல் லாக்கர் படக் கூடாது, அடியிலுள்ளது சுருட்டிக்கொண்டு எழும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். பங்குனி முதல் ஆனி வரை, காலை பத்து மணிக்கு மேல், கடல்காற்று திரும்புவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரமே நம் நேரம். ஈரமானி 70 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். எஞ்சின் கறுப்பு என்றாலும் டப்பாக் கறுப்பை அப்படியே அடித்தால் மாதிரி பொம்மைபோலத் தோன்றும். பத்துக்கு ஒரு பங்கு சாம்பல் கலந்தால்தான் தொலைவில் நிற்கும் நிஜ எஞ்சினின் கறுப்பு கிடைக்கும். சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு அழுத்தத்தில், ஒரு சாண் தூரத்திலிருந்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முன் பீமின் சிவப்புக்கு அடியில் வெள்ளை அடித்தால்தான் சிவப்பு எடுப்பாக இருக்கும். சக்கரத்தின் தண்டவாளம் தொடும் விளிம்பிலும் அச்சுப் பெட்டியிலும் பெயிண்ட் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் முழுதும் இறுகுவதற்கு முன்பே அதை உரித்துவிட வேண்டும்.

தூசி படியாமல் உலர, அட்டைப்பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டி 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எட்ட நிறுத்திவைத்தால் 50 டிகிரி வரை சூடு கிடைக்கும். தின்னர் ஆவி வெளியேறி, பெயிண்ட் வாசனை முற்றிலும் போன பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். பல்பை விட்டுவிட்டு வெளியே போகவும் கூடாது. அதன் பிறகும் மூன்று வாரம் பொறுத்தே பாகங்களைப் பூட்டுகிறேன். முதல் முறை நீராவி ஏற்றும்போது தீயைச் சிறிதாக வைத்து, ஒரு முறை சூடேறி ஆற விடுங்கள். ஸ்மோக் பாக்ஸ் சற்றுப் புகையும், அது பெயிண்ட் சுட்டு இறுகுவதுதான். ஓட்டி முடித்ததும் தெறித்த எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் துணியால் ஒற்றி எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.