6 மாதக் குழந்தைக்கு முதல் சாப்பாடு: குழைவாக ஊட்டுங்கள், நீர்க்க ஊட்டாதீர்கள்

டெல்டாவில் அரிசிக்குக் குறைவில்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு தெளித்துவிட்ட உளுந்தும் பச்சைப்பயறும் அந்த ஈரத்திலேயே விளைந்து வீட்டுக்கு வந்துவிடும். இத்தனை இருந்தும் பல வீடுகளில் 6 மாதக் குழந்தையின் கிண்ணத்தில் இருப்பது வடித்த கஞ்சியும் பருப்புத் தண்ணீரும்தான். "பிஞ்சு வயிறு, கெட்டியா குடுத்தா தாங்காது" என்பார் அப்பாயி. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோறு எங்கே போகும்? குழந்தை பாலையும் குறைத்துக் குடிக்கும், எடையும் ஏறாது.

முதலில், நேரம் வந்துவிட்டதா?

6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு பால் மட்டும் போதாது. குறிப்பாக, பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து அந்தச் சமயத்தில்தான் தீர ஆரம்பிக்கும். தலை நிற்க வேண்டும், பிடித்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக் கை நீட்டினால் இன்னும் நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குலதெய்வம் கோயிலில் சோறூட்டுவதற்கு நாள் பார்க்கிறீர்களா? பாருங்கள். ஆனால் மாமன் ஊரிலிருந்து வர வேண்டும் என்று 8, 9 மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

முதல் சோறு

2 ஸ்பூன் பச்சரிசி, 1 ஸ்பூன் பாசிப்பருப்பு. கழுவி, ஒரு சின்னப் பாத்திரத்தில் நாலைந்து மடங்கு தண்ணீர் விட்டு, வீட்டுச் சோறு வேகும் குக்கருக்குள்ளேயே வைத்துவிடலாம். நன்றாகக் குழைந்ததும் சூடாக இருக்கும்போதே மத்தாலோ கரண்டியாலோ மசியுங்கள். அரை ஸ்பூன் நெய் விடுங்கள். உப்பு ஒரு வயது வரை வேண்டாம், சர்க்கரை 2 வயது வரை வேண்டாம். பனங்கற்கண்டும் சர்க்கரைதான்.

பதம் பார்ப்பது எளிது. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, மெல்ல நழுவி விழ வேண்டும். மிக்சியில் போட்டுக் கூழாக்க அவசியமில்லை.

தொடக்கத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் உள்ளே போனாலே போதும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 8 மாதத்துக்குள் ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதி அளவுக்கு வரலாம். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை. 9 மாதத்திலிருந்து 3, 4 வேளை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

முளைகட்டிய கேழ்வரகு மாவு

கெட்டியான கூழைக் குழந்தை விழுங்கச் சிரமப்படும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்துக் குறையும். இந்தச் சிக்கலுக்கு முளைகட்டிய மாவு நல்ல வழி. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி அதில் உருவாகிறது. அது கூழைத் தண்ணீர் சேர்க்காமலே இளக்கிவிடும்.

கேழ்வரகைக் கல் நீக்கி, நாலைந்து தடவை கழுவி, இரவு முழுக்க ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை தலைகாட்டும். நிழலில் நன்றாக உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து அரையுங்கள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும். மில்லில் கொடுக்கிறீர்கள் என்றால் மிளகாய் அரைத்த கையோடு அரைத்துவிடப் போகிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். சரியாகக் காயாத முளையில் பூஞ்சை பிடிக்கும். மாசி, பங்குனி வெயில் காலம்தான் இதற்குத் தோது.

கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். சில நிமிடங்களில் இளகும். திரும்ப ஒரு கொதி விட்டு இறக்கி ஆறவைத்து ஊட்டுங்கள். பச்சை மாவாக அப்படியே கொடுக்கக் கூடாது.

அங்கன்வாடியில் 6 மாதம் முதல் கொடுக்கும் சத்துமாவையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இனிப்பு இருக்கும், நீங்கள் வேறு சேர்க்க வேண்டாம். 6 மாதத்திலிருந்து வாரம் 2 முறை 1 மில்லி கொடுக்கச் சொல்லும் இரும்புச்சத்து சிரப்பையும் அங்கேயோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

அடுத்தடுத்து

புதுப் பொருளை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுச் சேருங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் என்று தெரியும். மசித்த பூவன்பழம், பறங்கிக்காய், நரம்பு நீக்கி வேகவைத்த முருங்கைக்கீரை, முழுதாக வெந்த முட்டை என்று போகலாம். முட்டைக்கு ஒரு வயது ஆகக் காத்திருக்க வேண்டாம். நாகை, காரைக்கால் பக்கம் மீனுக்கா பஞ்சம்? மஞ்சள் மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து கொடுங்கள்.

தேன் ஒரு வயது வரை ஒரு துளிகூடக் கூடாது. நாக்கில் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது; அதிலிருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் நரம்பையே முடக்கும். பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுப்பதும் ஒரு வயதுக்கு மேல்தான். டீயில் தொட்ட பிஸ்கட்டுக்கு எந்த வயதிலும் அவசரமில்லை.

கை வேலை, வாய் வேலை

8 மாதத்துக்கு மேலும் கூழாகவே ஊட்டினால் குழந்தை மென்று தின்னப் பழகாது. வெந்த கேரட் துண்டு, இட்லித் துண்டு கையில் கொடுங்கள். 9 மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பருக்கையைப் பொறுக்கும். பிற்பாடு பொத்தான் போடுவதும் பென்சில் பிடிப்பதும் இந்த விரல்கள்தான், அதனால் தரையெல்லாம் சோறு என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஊட்டும்போது முகம் பார்த்துப் பேசுங்கள், செல்போன் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். மூக்கைப் பிடித்துத் திணிப்பது வேண்டவே வேண்டாம்.

குமட்டி, இருமித் துப்பினால் பயமில்லை. சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால் அடைத்துவிட்டது. உடனே தலை தாழும்படி முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூட இருப்பவர் 108க்கு அழைக்கட்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். முழு வேர்க்கடலை, திராட்சை, முறுக்கு இதனால்தான் ஆகாது.

காய்ச்சல், பேதி வந்தால்

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அடிக்கடி தாய்ப்பால், கொஞ்சம் கொஞ்சமாகக் குழைசாதம். பேதிக்கு ஓஆர்எஸ், கூடவே 14 நாள் துத்தநாக மருந்து. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, சோர்ந்து கிடந்தால் வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தேறிய பிறகு இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டி, அங்கன்வாடித் தராசில் எடை பார்த்து வாருங்கள்.