லேண்ட்ஸ் எண்ட் முதல் ஜான் ஓ க்ரோட்ஸ் வரை: தனியாக சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் இருக்கிறது லேண்ட்ஸ் எண்ட். வடகிழக்கு மூலையில், ஸ்காட்லாந்தில், ஜான் ஓ க்ரோட்ஸ். வழக்கமான சாலைத் தூரம் 1,407 கிலோமீட்டர். நெரிசலான பெரிய சாலைகளை விட்டு விலகிப் போனால் 1,600 வரை வரும். இந்தத் தூரத்தை நாட்களால் வகுத்து, ‘தினம் 110 கிலோமீட்டர் மிதித்தால் போதும்’ என்று அட்டவணை போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

பலரும் ஸ்காட்லாந்து மலைகளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் முழங்காலைப் பதம் பார்ப்பது கார்ன்வாலும் டெவனும்தான், அதாவது முதல் சில நாட்கள். இங்கே சின்னச் சின்ன ஆறுகள் நிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் பாதை சடாரென இறங்கும், அடுத்த நொடியே ஏறும். சாலையோரப் பலகையில் 20 சதவீதம் என்று போட்டிருக்கும். 100 மீட்டர் முன்னே போனால் 20 மீட்டர் உயர்கிறோம் என்று பொருள். ஸ்காட்லாந்தின் டிரமோக்டர் கணவாய் சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அங்கே ஏற்றம் நிதானமானது, ஒரே சீராக மிதித்துப் போய்விடலாம். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பழகியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். நம் மலைச்சாலைகளில் கொண்டை ஊசி வளைவுகள் சரிவைக் குறைத்துக் கொடுக்கின்றன. டெவனின் பழைய, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய சாலைகள் பல, வளைவே இல்லாமல் நேராக மேட்டில் ஏறுகின்றன.

கார்ன்வாலின் ஃபோய் ஆற்றைப் படகில் கடந்து போடினிக்கில் கரை இறங்குகிற இடம் நல்ல உதாரணம். படகு நிற்கும் சரிவிலிருந்தே ஏற்றம் தொடங்கிவிடுகிறது. வேகம் எடுக்க நான்கு அடி சமதளம் கிடையாது. படகில் நிற்கும்போதே பின்சக்கரத்தைத் தூக்கி, மிதியைச் சுற்றி, மிதிக்க மிக இலகுவான கியருக்கு மாற்றி வைத்துவிட வேண்டும். ஏற்றத்தின் நடுவில் முழுப் பாரத்தோடு மாற்றப்போனால் செயின் கடகடவென்று கடித்துக் கழன்றுவிடும்.

அடுத்த தவறு, கடையில் கொடுத்த கியரோடு அப்படியே கிளம்புவது. கூடாரம், உடை, சாப்பாடு எல்லாவற்றையும் தனி ஆளே சுமக்கிறோம். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் பற்கள் அதிகம் இருக்க வேண்டும்: முன்னே 30, பின்னே 34 என்பது போல. இல்லாவிட்டால் கனமான கியரை அழுத்தி அழுத்தி, டெவன் முடிவதற்குள் முழங்கால் வலி பிடித்துக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்த அவமானமும் இல்லை. கார்ன்வாலில் ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் திட்டமிடுங்கள், பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம்.

பிரேக்கையும் சேர்த்து யோசியுங்கள். மழையில் சாலை மண்ணும் பொடிக்கல்லும் பிரேக் கட்டைகளில் ஒட்டி, இறக்கத்துக்கு இறக்கம் தேய்த்துத் தள்ளும். ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் இருக்கட்டும். ஏறும்போது வியர்த்த சட்டையோடு அப்படியே இறங்காதீர்கள். கோடையிலும் குளிர் எலும்புக்குள் போகும். உச்சியிலேயே நின்று காற்றுத் தடுக்கும் மேலுடையை மாட்டிக்கொள்ளுங்கள்.

வடக்கிலிருந்து தெற்கே வருவது தவறில்லை. ஆனால் பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். தனியாகப் போகிறவருக்கு முன்னால் போய்க் காற்றை மறைக்கத் துணை கிடையாது. முதல்முறை போகிறவர் தெற்கிலிருந்தே தொடங்கலாம்.

போன் காட்டும் குறுக்கு வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி ஏ30, ஏ9 சாலைகளில் ஏறிவிடாதீர்கள். அவற்றின் பல பகுதிகளில் சைக்கிளுக்குச் சட்டப்படி தடை இல்லைதான். ஆனாலும் பக்கத்தில் லாரிகள் பறக்கும்போது அது பெரிய ஆபத்து. டிரமோக்டரில் ஏ9 சாலையை ஒட்டியே சைக்கிள் பாதை போகிறது.

ராத்தங்கலை அந்தந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் சிக்கல். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பொறுப்போடு திறந்தவெளியில் கூடாரம் போடலாம். ஆனால் லோமண்ட் ஏரிக் கரையின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாக நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது. டெவனில் உள்ள டார்ட்மூரின் பல பொதுநிலங்கள் விதிவிலக்கு.

தனிப்பயணத்தில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. பிரிட்டன் சிம் வாங்கிய அன்றே ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். சிக்னல் பேசப் போதாத மலைப்பக்கத்தில், குறுஞ்செய்தியாவது அவசர உதவிக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு. வீட்டில் ஒருவருக்கு அன்றன்றைய வழியும் தங்கும் ஊரும் தெரிந்திருக்கட்டும்.

திரும்பும் ரயிலையும் மறந்துவிடாதீர்கள். ஜான் ஓ க்ரோட்ஸில் ரயில் நிலையம் இல்லை. பக்கத்து நிலையமான விக் சுமார் 27 கிலோமீட்டர். அங்கிருந்து இன்வர்னஸ் போகும் ரயிலில் மிகச் சில சைக்கிள்களுக்கே இடம் உண்டு. உங்கள் இருக்கையோடு சைக்கிளுக்கும் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுங்கள்.