எடையைப் பார்க்கும் முன் தூரத்தைப் பாருங்கள்: உடற்பயிற்சியாளர்களுக்கு அசைவின் அடிப்படைகள்

கம்பம், கூடலூர், போடி வட்டாரத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர்களிடம் வருவோரில் பலர், விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஏலக்காய்ச் சரம் செடியின் அடியிலிருந்து கிளம்புவதால், காய் எடுப்பவர் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே இவ்வளவு உழைத்துவிட்டு வரும் உடலுக்குப் பயிற்சி சொல்லித் தருபவர், எந்த அசைவில் எந்த மூட்டு எவ்வளவு சுமக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்கக் கற்றிருக்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்த ஒரே ஒரு விதி பெரும்பாலும் போதும்.

திருப்புத்திறன், அதாவது ஒரு விசை மூட்டைத் திருப்பும் அளவு, விசையையும் அதன் கோட்டுக்குச் செங்கோணத்தில் அளந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது. இங்கே தூரம் என்பது கையின் நீளமோ காலின் நீளமோ அன்று; எடை கீழ்நோக்கி இழுக்கும் நேர்க்கோட்டுக்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள கிடைமட்ட இடைவெளி. 5 கிலோ டம்பெல்லைக் கையைத் தொங்கவிட்டபடி பிடித்தால் தோள்பட்டைக்குச் சிரமமே தெரியாது. அதே கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் பலருக்கு ஒரு நிமிடத்துக்குள் தோள் நடுங்கத் தொடங்கும். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. புதிதாக வருபவரிடம் இதை வாயால் விளக்காமல் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

தசைகள் மூட்டுக்கு மிக அருகில் எலும்பைப் பற்றியிருப்பதால் அவை செலுத்தும் விசை நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு பெரிது. முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசை முழங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ. தொலைவில் இழுக்கிறது, கையில் பிடித்த எடையோ ஏறக்குறைய 32 செ.மீ. தொலைவில் இருக்கிறது. எனவே 10 கிலோவைத் தாங்க மடக்கும் தசைகள் 80 கிலோவுக்கு நிகரான விசையைத் தர வேண்டும். இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் முன்னோடி, 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் போரெல்லி. விசையில் இழப்பதை உடல் வேகத்தில் ஈட்டிக்கொள்கிறது: தசை சிறிதளவு சுருங்கினாலே கை நெடுந்தூரம் வீசுகிறது.

இனி முதுகுக்கு வருவோம். 25 கிலோ காய்ச் சாக்கைத் தரையிலிருந்து எடுப்பவர், அதை இடுப்பு முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறார் என்று வையுங்கள். முதுகை நிமிர்த்தும் தசைகளுக்குக் கிடைக்கும் தூரம் ஏறக்குறைய 5 செ.மீ. மட்டுமே என்பதால், சாக்குக்காக மட்டும் 250 கிலோவுக்கு நிகரான விசை தேவைப்படுகிறது. குனிந்த உடலின் சொந்த எடை தனிக்கணக்கு. சாக்கை வயிற்றோடு அணைத்து 25 செ.மீ. ஆக்கினால் அது 125 ஆகப் பாதியாகிறது. ஆகவே "முதுகை நேராக வை" என்று கத்துவதற்கு முன்னால் "சாக்கைக் கிட்டே இழு" என்று சொல்லுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) செய்யும்போது முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வந்தேன். தொடை நீளமான ஓர் அக்கா அப்படியே கீழ்ப்படிந்து செய்தார். மூன்றே வாரத்தில் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னார். தவறு என்னுடையது. ஸ்குவாட்டில் எடைக்கோடு பாதத்தின் நடுவில் இறங்க வேண்டும், இல்லையென்றால் ஆள் சாய்ந்துவிடுவார். தொடை கிடைமட்டமாக வரும்போது அதன் நீளம் அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னுமாகப் பங்கிடப்படுகிறது. 42 செ.மீ. தொடையில் முட்டி 16 செ.மீ. முன்னே இருந்தால் இடுப்பு மூட்டு 26 செ.மீ. பின்னே இருக்கும். முட்டியை 6 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால் இடுப்பின் பங்கு 32 ஆகிறது, உடலும் அதற்கு ஈடாக முன்னே சாய்கிறது. முட்டியைக் காப்பாற்றுவதாக எண்ணி நான் அந்தச் சுமையை அவருடைய இடுப்பிலும் முதுகிலும் ஏற்றியிருந்தேன். முட்டியில் வலி உள்ளவருக்கு இடுப்பின் பங்கைக் கூட்டலாம், முதுகில் வலி உள்ளவருக்கு முட்டியின் பங்கைக் கூட்டலாம். எல்லோருக்கும் ஒரே கட்டளை என்பதுதான் ஆகாது.

இதைக் கண்ணால் பார்க்கக் கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி உத்தரத்திலிருந்து தொங்கவிடுங்கள். அதன் நூல் பாதத்தின் நடுவுக்கு நேராக வரும்படி ஆளைப் பக்கவாட்டாக நிறுத்தி, கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள் ஆகிய நான்கு இடங்களிலும் பெரிய ஒட்டுப்பொட்டு ஒட்டுங்கள். கைப்பேசியை இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி, சற்றும் கோணமில்லாமல் வைத்துப் படமெடுத்து, மிகத் தாழ்ந்த நிலையில் நிறுத்திப் பாருங்கள். நூலிலிருந்து முட்டிப் பொட்டும் இடுப்புப் பொட்டும் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ, அந்தந்த மூட்டு அவ்வளவு உழைக்கிறது.

முட்டி முன்னே வர மறுத்தால் கணுக்காலைச் சோதியுங்கள். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லும்போது பெருவிரலுக்கும் சுவருக்கும் ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளி இருந்தால் போதுமானது. குறைந்தால், கணுக்கால் இளகும்வரை குதிகாலுக்கு அடியில் 2 செ.மீ. பலகை வைக்கலாம்.

மலை ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடைத் தசை நீண்டுகொண்டே விசை தர வேண்டியிருக்கிறது; பழக்கமில்லாதவருக்குத் தசைவலி வருவதும் இப்படி நீளும் வேலையால்தான். இதற்கு 15 செ.மீ. படியிலிருந்து ஒற்றைக்காலில், நான்கு எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்கும் பயிற்சி ஏற்றது. முதல் வாரம் காலுக்கு ஆறேழு முறைக்கு மேல் வேண்டாம். தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு இதைச் சனிக்கிழமை மாலையில் கொடுப்பதற்கு முன் திங்களன்று வேலை உண்டா என்று கேளுங்கள், ஏனெனில் வலி ஒன்றிரண்டு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும், அந்நேரம் அவர் தோளில் சாக்கோடு சரிவில் இறங்கிக்கொண்டிருப்பார்.