வியாழனின் செம்புள்ளி கண்ணில் படாமல் போவது ஏன்?

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் வழக்கமாகக் கேட்பது: “வியாழன் தெரியுது, பட்டையும் தெரியுது, அந்தப் பெரிய புயலை மட்டும் காணோமே?” அந்தப் புயல்தான் செம்புள்ளி. பெரும்பாலும் அது அப்போது கோளின் மறுபக்கத்தில் இருந்திருக்கும்.

வியாழன் 9 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். செம்புள்ளி வட்டின் நடுக்கோட்டைத் தாண்டும் நேரத்துக்கு முன்னும் பின்னும் சுமார் 50 நிமிடம்தான் நன்றாகத் தெரியும். நேரம் பார்க்காமல் உட்காருவதுதான் முதல் தவறு. கணிப்பு அட்டவணைகள் பலவும் உலக நேரத்தில் இருக்கும். இந்தியாவில் ஐந்தரை மணி கூட்ட மறந்தால் அன்றைய இரவு வீண். புள்ளியும் ஒரே தீர்க்கரேகையில் நிற்பதில்லை, மெல்ல நகரும். செயலியில் பழைய தீர்க்கரேகை இருந்தால் பாகைக்கு 1.65 நிமிடம் பிசகும். 30 பாகை என்றால் 50 நிமிடம் போச்சு. மறுநாள் அதே நேரத்தில் தேடாதீர்கள். ஐந்து சுற்றுக்கு 49 மணி 38 நிமிடம் ஆகும். திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு நடுவில் இருந்த புள்ளி, புதன்கிழமை இரவு 9:38-க்குத் திரும்ப நடுவுக்கு வரும்.

அடுத்தது உருப்பெருக்க ஆசை. 6 அங்குல, 1200 மி.மீ. குவியத்தூரக் கருவியில் 8 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகு வில்லை) 150 மடங்கு தரும், அது போதும். 4 மி.மீ. ஐபீஸோடு, உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லையும் சேர்த்து 600 மடங்கு போனால், கஞ்சி மாதிரி ஒரு வட்டம்தான் மிஞ்சும். கருவியை அரைமணியாவது முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடி சூடாக இருந்தால் குழாய்க்குள் காற்று அலையும். கோள் அடிவானத்திலிருந்து 30 பாகையாவது ஏறட்டும்.

நிறத்தைத் தேடுவதும் ஏமாற்றும். படங்களில் காணும் செங்கல் சிவப்பு மிகைப்படுத்தியது. கண்ணுக்கு வெளிறிய ஆரஞ்சுதான். தெற்குப் பட்டையின் ஓரத்தில் கடித்தெடுத்த மாதிரி ஒரு குழிவு இருக்கும், முதலில் அதைப் பிடியுங்கள். நியூட்டன் வகை (கண்ணாடி வைத்த) கருவியில் படம் தலைகீழ், ஆகவே மேல் பாதியில் பாருங்கள். சிவப்பு வடிகட்டி போட்டால் புள்ளி சுற்றுப்புறத்தோடு கரைந்துவிடும். வெளிர் நீலம்தான் அதைக் கருமையாக்கிக் காட்டும்.

கூர்மையான கரும்பொட்டு தெரிந்தால் அது புயல் அல்ல, ஏதோ ஒரு துணைக்கோளின் நிழல். (புயல் என்கிறோமே தவிர, செம்புள்ளி தாழ்வழுத்தம் அல்ல; உயரழுத்தச் சுழல்.)