படம் பரவினால் முதல் நாளில் செய்யக்கூடாதவை

பெரம்பூரில் எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவியின் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி யாரோ இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். பதறிய வீட்டார் முதல் வேலையாக அவள் கணக்கையே அழித்தார்கள். மிரட்டி வந்த மெசேஜ்களும் அதோடு போயின. போலீசில் காட்ட எதுவும் மிஞ்சவில்லை.

அழிக்கும் முன் பதிவின் முழு லிங்க்கை எடுத்து வையுங்கள். கணக்கின் பெயரை நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் பெயர் மட்டும் போதாது. தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும்.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் கதை வேறு. ஆபாசப் படத்தைச் சேமிக்கவே கூடாது, லிங்க்கை மட்டும் குறித்துக்கொண்டு போலீசுக்குப் போங்கள். அத்தகைய படத்தைத் தனியாகப் பார்ப்பது குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது உண்மை. பலர் அதோடு நின்றுவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. 'ஜாக்கிரதை' என்று எழுதி அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் பரப்புவதுதான். எண்ணம் நல்லதாக இருக்கலாம், அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு அடி.

அப்புறம், நண்பர்கள் ஐம்பது பேரைச் சேர்த்து ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருப்பதும் தவறு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். மார்பிங் செய்த படம், அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று அந்த விதிகள் கெடு வைத்தன. அந்த அலுவலருக்குப் புகாரை எழுத்தில் அனுப்புங்கள். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இந்தக் கதவு இருப்பதே பலருக்குத் தெரியாமல் நாள் கடந்துவிடுகிறது.

1930 என்ற சைபர் உதவி எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. படம் தொடர்பான புகாருக்கு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் தரலாம்.

ஒருமுறை நீங்கியதும் முடிந்தது என்று விடாதீர்கள். 2025இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள், நீக்க நீக்க வேறு தளங்களில் வந்துகொண்டே இருந்தன. சட்டம் தெரிந்தவருக்கே இந்த நிலை. சில வாரங்களாவது தேடிப் பாருங்கள், மறுபடி வந்தால் மறுபடி புகார் கொடுங்கள்.

மகளின் போனை மட்டும் பிடுங்கி வைக்காதீர்கள். அடுத்த மிரட்டல் வந்தால் அவள் உங்களிடம்தான் ஓடி வர வேண்டும்.