பெரும்போகப் பணமும் வரித் தவணையும்

இலங்கையின் கிளிநொச்சியில் சிறிய நெல் ஆலை நடத்துகிறேன். மாசி, பங்குனியில் பெரும்போக (மாரிமழைக் காலச் செய்கை) நெல் வந்த பிறகுதான் எங்களுக்குப் பெட்டி நிறையும். வருமான வரிச் சட்டமோ ஓகஸ்ட் 15இலேயே ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு முதல் தவணையைக் கட்டச் சொல்கிறது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயுமா என்று யாருக்கும் தெரியாத மாதம் அது!

குறைவான மதிப்பீட்டில் நான்கு தவணைகளும் கட்டியாயிற்று; மீதி முழுவதும் அடுத்த ஆண்டு செப்டெம்பர் 30இல் தலையில் விழுந்தது. அப்போது கைப்பணம் விதைநெல்லுக்கும் உழவுக்குமாக விவசாயிகளுக்கு முற்பணமாகப் போயிருக்கும். கெடு கழிந்து 14 நாட்களுக்குள் கட்டாவிட்டால், கட்டாத வரியில் 20 சதவீதம் தண்டம், மாதம் 1.5 சதவீத வட்டி வேறு. ஓர் இலட்சம் நிலுவைக்கு 20,000 ரூபாயும், மாதத்துக்கு 1,500 ரூபாயும். அறாவட்டிதான்.

ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் சிரித்தார்: "தம்பி, மதிப்பீட்டைத் திருத்தக் கூடாதென்று யார் சொன்னது?"

இப்போது பெப்ரவரியில் கொள்வனவுப் புத்தகத்தைப் பார்த்து மதிப்பீட்டைத் திருத்திக் கொடுக்கிறேன். புதிய வரித்தொகையில் ஏற்கெனவே கட்டியதைக் கழித்து, மீதியைப் பெப்ரவரி 15, மே 15 தவணைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கட்டிவிடுகிறேன். நெல் விற்ற காசு கையில் இருக்கும் காலம். செப்டெம்பருக்குச் சில்லறைத் தொகையே மிஞ்சுகிறது. நவம்பர் 30க்குரிய வரி விபரத்திரட்டு தனி வேலை. பற்றுச்சீட்டுகளை அதற்காக ஒரே கோவையில் வைத்திருக்கிறேன்.