வருமான வரிக் கணக்கு: ஜூலை 31 தாண்டினால் போவது அபராதம் மட்டுமா?

"5,000 ரூபாய்தானே, பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீடுகளில் வருமான வரிக் கணக்கைத் தாமதமாகப் போட்டால் கட்ட வேண்டிய கட்டணத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிற பேச்சு இது. நோன்பு பெரும்பாலும் டிசம்பரில்தான் வரும். அதற்குள் முதல் கெடுவான ஜூலை 31 போய் நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டாவது கெடுவான டிசம்பர் 31-க்கு விரல்விட்டு எண்ணும் நாள்களே இருக்கும். தாமதத்தில் போகிறவற்றில் அந்த 5,000 ரூபாயைவிடப் பெரியவை பல.

எந்தத் தேதி, யாருக்கு

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. சம்பளம், பென்ஷன், வட்டி, வாடகை, சொத்து அல்லது பங்கு விற்ற லாபம் ஆகியவை மட்டும் உள்ளவர்களுக்குக் கெடு அடுத்து வரும் ஜூலை 31. ஆடி பிறந்து இரண்டு வாரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தணிக்கை கட்டாயமான வியாபாரத்துக்கு அக்டோபர் 31. தணிக்கை தேவைப்படாத கடைக்காரர்கள் அந்தந்த ஆண்டுக்கு வருமான வரித் துறையின் இணைய போர்ட்டல் காட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளில் அரசே கெடுவை நீட்டிக்கும். 2024-25 நிதியாண்டுக் கணக்குக்கு முதலில் 2025 செப்டம்பர் 15 என்று நீட்டி, பிறகு இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். ‘இந்த வருஷமும் நீட்டிப்பார்கள்’ என்று அதை நம்பி உட்கார்ந்திருப்பது சூதாட்டம்.

முதல் கெடு தப்பினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு போடலாம். அதுவும் போனால் மிஞ்சுவது ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ மட்டும். அது என்ன விலைக்கு வரும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் 2026 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கான கணக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படிதான். அதனால் கீழே வரும் பிரிவு எண்கள் பழைய சட்டத்தின் எண்கள்.

‘வரி இல்லை, அதனால் கணக்கும் இல்லை’

இதுதான் அதிகம் பேரை மாட்டிவிடும் எண்ணம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பது பிரிவு 87ஏ தள்ளுபடியால் வருவது. அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும் கணக்குத் தாக்கல் கட்டாயம். 7 லட்சம் பென்ஷனும் வட்டியும் வாங்கும் ஒரு ஆச்சி ஜூலை 31-ஐத் தவறவிட்டால், வரி ஒரு ரூபாய்கூட இல்லை. தாமதக் கட்டணம் மட்டும் 5,000. வங்கியில் 15எச் படிவம் கொடுத்திருக்கிறோமே என்பது இதற்குப் பதிலாகாது. 15எச் டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் முன்னதாகவே கழித்துக்கொள்ளும் வரி) பிடிக்காமல் தடுக்குமே தவிர, கணக்குப் போடுவதிலிருந்து விலக்குத் தராது. 75 வயது நிறைந்து, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வந்து, அந்த வங்கியிலேயே 12பிபிஏ படிவம் கொடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

4 லட்சத்துக்குக் கீழே இருந்தும் கட்டாயமாகிறவர்கள் உண்டு. ஆண்டு மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியவர்கள் (முகப்பும் வளவுமாக இருக்கும் பெரிய செட்டிநாட்டு வீட்டை விருந்தினர் தங்க விட்டிருந்தால் இது எளிதில் தாண்டும்), வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள், ஆண்டில் 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டிடிஎஸ் பிடிக்கப்பட்டவர்கள் (இங்கே வசிக்கும் 60 வயதானவர்களுக்கு 50,000). வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து முழு உள்நாட்டுவாசி ஆகிவிட்டவர், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருந்தால், வருமானம் எவ்வளவு என்றாலும் கணக்குப் போட்டு அந்தச் சொத்தைக் காட்ட வேண்டும்.

கட்டணமும் வட்டியும்

தாமதக் கட்டணம் பிரிவு 234எஃப்: நிகர வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. கணக்குப் போடவே கட்டாயமில்லாதவர் தாமதமாகப் போட்டால் கட்டணம் கிடையாது.

வட்டி தனி. 234ஏ: பாக்கி வரிக்கு ஆகஸ்ட் 1 முதல் மாதம் 1%. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். முன்வரி (அந்த நிதியாண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) கட்ட வேண்டியவர் கட்டாவிட்டால், அதற்கான 234பி வட்டியும் தவணை தவறியதற்கான 234சி வட்டியும் சேரும். டிடிஎஸ் போக நிகர வரி 10,000 ரூபாய் வந்தாலே முன்வரி கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய நான்கும் தவணை நாள்கள். இங்கே வசிக்கும், வியாபார வருமானம் இல்லாத 60 வயதானவர்களுக்கு முன்வரி இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 60 வயதுக்குட்பட்டவர், பாக்கி வரி 40,000, முன்வரி எதுவும் கட்டவில்லை. ஜூலையில் முடித்திருந்தாலும் 234பி 1,600, 234சி 2,020 ஆகியிருக்கும். அவரே நவம்பர் 5-இல் கட்டிக் கணக்குப் போட்டால், 234ஏ நான்கு மாதத்துக்கு 1,600, 234பி-யில் கூடுதல் நான்கு மாதத்துக்கு 1,600, கட்டணம் 5,000. தாமதத்தின் விலை மட்டும் 8,200.

கணக்குப் போடத் தாள்கள் சேரவில்லை என்றால் வரியையாவது ஜூலை 31-க்குள் கட்டிவிடுங்கள். கெடுவுக்குள் கட்டிய தொகைக்கு 234ஏ வட்டி கிடையாது. பிரணாய் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். போர்ட்டலில் ‘இ-பே டாக்ஸ்’ பகுதியில் ‘செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ்’, எண் 300. அங்கே மதிப்பீட்டு ஆண்டைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்: 2025-26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. நிதியாண்டையே மதிப்பீட்டு ஆண்டாகப் போட்டுவிட்டால் பணம் வேறு ஆண்டில் போய் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆண்டு பாக்கி அப்படியே நிற்கும்.

திரும்பக் கிடைக்காதவை

பழைய வரிமுறை. வியாபார வருமானம் இல்லாதவர் பழைய முறையைத் தேர்வு செய்ய வேண்டுமானால் கெடுவுக்குள் போடும் கணக்கிலேயே செய்ய வேண்டும். ஆகஸ்ட் 1-இல் போட்டால் புதிய முறைதான். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி, 80சி சேமிப்பு, மருத்துவக் காப்பீடு என்று திட்டமிட்டு வைத்த கழிவுகள் எல்லாம் அத்தோடு சரி. சிலருக்கு இந்த ஒன்றிலேயே 5,000 போல் பல மடங்கு போகும்.

பங்குச் சந்தை நட்டம். கெடுவுக்குள் காட்டினால் மூலதன நட்டத்தை 8 ஆண்டு வரை முன்னெடுத்து வரும் லாபத்தில் கழிக்கலாம். தாமதமானால் முடியாது, வியாபார நட்டத்துக்கும் அப்படியே. வீட்டு வாடகைத் தலைப்பில் வந்த நட்டத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

பூர்வீக வீடு விற்ற பணம். இந்தப் பகுதிக்கு இதுதான் முக்கியம். பங்காளிகள் சேர்ந்து பங்கு வீட்டை விற்கிறார்கள். ஒருவர் தம் பங்குக்கு வேறு வீடு வாங்கிப் பிரிவு 54 விலக்குப் பெற நினைக்கிறார். வாங்க இரண்டு ஆண்டு, கட்ட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்குப் போடும் நாள்வரை செலவழிக்காத பணத்தை, கெடுவுக்குள் வங்கியில் ‘கேப்பிட்டல் கெயின்ஸ் அக்கவுன்ட்’ திறந்து போட்டுவிட வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் டெபாசிட்டாக வைத்திருந்தால் விலக்கே கேள்விக்குரியதாகிவிடும். லட்சக்கணக்கில் போகும் இடம் இது.

அதே பங்கு வீட்டைப் படப்பிடிப்புக்கு விட்டிருந்தாலும் கவனம் வேண்டும். பிடித்த டிடிஎஸ் முழுவதும் ஒரே பங்காளியின் பான் எண்ணில் ஏறிவிடும். வருமானமோ பங்குப்படி ஒவ்வொருவரும் காட்ட வேண்டியது. ஜூனிலேயே, யார் பான் எண்ணில் எவ்வளவு டிடிஎஸ் ஏறியது என்று காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைப் பார்த்தால் பணம் கொடுத்தவரிடம் சொல்லித் திருத்த நேரம் இருக்கும். ஜூலை 30-இல் பார்த்தால் இருக்காது.

ரீஃபண்ட். கெடுவுக்குள் போட்டவருக்கு ரீஃபண்ட் வட்டி ஏப்ரல் 1-லிருந்து மாதம் 0.5%, தாமதித்தவருக்குக் கணக்குப் போட்ட நாளிலிருந்துதான். இது சில்லறை. டிசம்பர் 31 தாண்டினால் ரீஃபண்டே நின்றுவிடும் என்பதுதான் பெரிய அடி. வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்கின் டெபாசிட்டுக்கு 3 லட்சம் வட்டி வந்தால் வங்கி 31.2% பிடிக்கும்: 93,600 ரூபாய். அவருக்கு இங்கே வேறு வருமானம் இல்லையென்றால் 4 லட்சத்துக்குக் கீழே, வரி இல்லை, முழுத்தொகையும் திரும்ப வரும். டிடிஎஸ் 25,000-ஐத் தாண்டியதால் கணக்குப் போடுவது கட்டாயம்; தாமதமானால் 1,000 ரூபாய் கட்டணம். டிசம்பர் 31-ஐயும் விட்டால் 93,600-ம் சிக்கிக்கொள்ளும். 87ஏ தள்ளுபடி வெளிநாட்டுவாசிக்கும் இந்துக் கூட்டுக்குடும்பக் கணக்குக்கும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 லட்சம் வரை வரி இல்லை என்ற பேச்சு அவர்களுக்குப் பொருந்தாது.

போட்டும் போடாததாகிற கணக்கு

கணக்கை ஏற்றியதோடு வேலை முடியவில்லை. அது நீங்கள் போட்டதுதான் என்று 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்தால் ஏற்றிய நாளே தாக்கல் நாள். 30 நாள் தாண்டினால் சரிபார்த்த நாள்தான் தாக்கல் நாள். ஜூலை 31-இல் ஏற்றி செப்டம்பரில் சரிபார்த்தவர் தாமதக்காரர்தான், மேலே சொன்ன இழப்பு எல்லாம் அவருக்கும் உண்டு.

எளிய வழி ஆதார் ஓடிபி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான்: ஆதாரில் இருப்பது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன பழைய சிம் எண்ணாக இருக்கும். அப்படியானால் நெட்பேங்கிங் வழியாகச் சரிபார்க்கலாம். அல்லது ஐடிஆர்-வி எனும் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, வருமான வரித் துறையின் பெங்களூரு சிபிசி மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம், அதே 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேரும்படி. அப்பச்சியின் (அப்பாவின்) கணக்கை மகன் போடும் வீடுகளில், ஓடிபி யாருடைய போனுக்கு வரும் என்பதை மே மாதமே பார்த்து வையுங்கள். அப்பச்சி காலமாகிவிட்டால் அவருடைய கடைசி ஆண்டுக் கணக்கை வாரிசு போட வேண்டும். அதற்கு முதலில் போர்ட்டலில் வாரிசாகப் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கே சில நாள் பிடிக்கும், கடைசி வாரத்தில் தொடங்கினால் நடக்காது.

டிசம்பர் 31-ம் போய்விட்டால்

வரி பாக்கி உள்ளவர், மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதம் வரை அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம். வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் கூடுதல் வரி: முதல் 12 மாதத்துக்குள் 25%, 24-க்குள் 50%, 36-க்குள் 60%, 48-க்குள் 70%. இதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

ரீஃபண்டுக்கு ஒரே வழி பிரிவு 119(2)(பி)-யின் கீழ்த் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1 கோடி வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் முடிவு செய்வார். நோய், இறப்பு போன்ற உண்மையான காரணமும் அதற்கான தாளும் வேண்டும். ‘நோன்புக்கு வந்து போடலாம் என்றிருந்தேன்’ என்பதை அங்கே காரணமாக எழுத முடியாது.